பாறணைக் கரி

யோகராணி மாமியைக் கொண்டு ஒரு காரியம் செய்விக்கவேணுமெண்டால், அதைச் செய்யாதேங்கோ எண்டு சொல்லவேணும். வில்லரேயில அந்த ரெண்டாம் மாடி வீட்டுக்கு மருமகளாய் வந்த நாள் தொட்டு துஷாந்தினி பட்டுத் தெளிஞ்ச பாடம் இது. குளிருது, தொப்பி போடுங்கோ மாமி எண்டால் வெறுந்தலையோட கொட்டுற சினோவுக்குள்ள இறங்குவா. உந்தக் குளிர் உங்களை ஒண்டும் செய்யாது எண்டு சொல்லிப் பாருங்கோ, "ஓமடி, எனக்குச் சன்னி கண்டால் உனக்குத்தானே கொண்டாட்டம்" எண்டு ரெண்டு தொப்பியை ஒண்டுக்கு மேல ஒண்டாய் இழுத்துவிடுவா. பெத்த மகன் விதுர்சனுக்கும் இது தெரியும். தெரிஞ்சும் சிரிச்சுக்கொண்டு திரிவான். அவனுக்கென்ன, விடிய சென்ட் லோரன்டுக்கு வேலைக்குப் போனால் பொழுதுபடத்தானே வாறவன். நாள் முழுக்க இடி வாங்கிறவள் இவளெல்லோ.

மருமகள் சொல்லிக் கேட்டால் மாமியார் எண்ட உத்தியோகம் பறிபோயிடும் எண்டு மனிசிக்கு ஒரு பயம். அதோட இன்னொரு கொதியும் இருந்தது. மாமி இந்தப் பிரெஞ்ச் கதைக்கிற ஊரிலயே தையல் ஃபக்டரியில கிடந்து கிழண்டவ, ஆனால் படிச்ச பிரெஞ்ச் ரெண்டே ரெண்டு சொல்லு, பொன்ஜூரும் மெர்சியும். சாவகச்சேரியிலயிருந்து நேற்று வந்த பெட்டை நாலைஞ்சு வருசத்தில நேர்ஸோடயும் டொக்டரோடயும் பிரெஞ்சில சிரிச்சுக் கதைக்கிறாள் எண்டால், வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அந்த வருசக் கந்தசட்டி வந்தது. மாமியின்ர சட்டி விரதம் ஊருலகம் அறிஞ்ச விரதம். ஆறு நாளும் பகலில பச்சைத் தண்ணி, பொழுதுபட்டால் ஒரு மிடறு பால். வேற ஒண்டும் தொண்டைக்குழிக்குள்ள இறங்காது. அதில மாமிக்கு அப்பிடி ஒரு பெருமை. கோயிலில மற்றப் பொம்பிளையள் கேக்கவேணுமெண்டே, "எனக்குப் பசி எண்டால் என்னெண்டே தெரியாது பாருங்கோ" எண்டு சத்தமாய்ச் சொல்லுவா.

வருத்தமென்னெண்டால், போன மாசிக்குப் பிறகு மாமிக்கு நெஞ்சு ஒழுங்கில்லாமல் அடிக்கத் தொடங்கியிருந்தது. அப்பிடி அடிச்சால் இரத்தம் கட்டியாகி மூளைக்கு ஏறிப்போடும் எண்டு டொக்டர் ஒரு குளிசை குடுத்திருந்தார். காலமை ஒண்டு, பின்னேரம் ஒண்டு. இரத்தத்தை உறையவிடாமல் வைச்சிருக்கிற குளிசை. விரதம் தொடங்கின அண்டைக்குத் துஷாந்தினி வாய் தவறிச் சொல்லிப்போட்டாள், "மாமி, எதை விட்டாலும் அந்தக் குளிசையை மட்டும் விட்டிடாதேங்கோ." அறிவு கெட்ட வேலை. சொன்ன அந்தக் கணமே குளிசைப் பெட்டி சாமியறைத் தட்டுக்கு ஏறிச்சுது. "எனக்கு விரதம் பிடிக்கப் படிப்பிக்க வந்திட்டாள். குளிசையும் வாயுக்குள்ளாலதானே போறது? அதுவும் தீன்தான்" எண்டு மாமி சொன்னா. துஷாந்தினி விதுர்சனிட்ட முறைப்பட்டாள். "அம்மாவைத் தெரியும்தானே, விடும்" எண்டு அவன் போனைப் பாத்தபடி சொன்னான்.

ஆறு நாள் போச்சுது. சூரன்போரும் முடிஞ்சுது. ஏழாம் நாள் விடியப் பாறணை, விரதம் முடிக்கிற சாப்பாடு. துஷாந்தினி இருட்டோட எழும்பி முழுகி, சோறும் பருப்பும் எத்தினையோ கறியும் சமைச்சு வாழையிலையில படைச்சாள். மாமி கும்பிட்டுச் சாப்பிட்டா. உப்புக் கூடிப்போச்சு எண்டா. பிறகு குசினி மேசையில இருந்து சிவநேசத்துக்கு போன் எடுத்தா. சிவநேசம் பக்கத்துத் தெருவில இருக்கிற மனிசி, மாமியின்ர கோயில் கூட்டாளி. மாமி பெருமை பேசினால் வாயைத் திறந்துகொண்டு கேக்க அதை விட்டால் ஆளில்லை.

"விரதமெண்டால் விரதம், சிவநேசம். நடுவில தேத்தண்ணி குடிக்கிற விரதமில்லை என்ர விரதம். ஆறு நாளும் ஒரு குளிசை தொட்டனானோ கேள்? ஆனால் நான் ஆருக்கும் மிச்சம் வைக்கிறவள் இல்லை. இப்ப பாறணைச் சோத்தோட சோறாய் விட்ட குளிசை அவ்வளவத்தையும் ஒண்டாய் விழுங்கிப்போட்டன். கந்தனுக்கு ஆறு நாள், டொக்டருக்கு ஒரு நாள். இனி ஒருத்தரும் என்னைக் குறை சொல்லேலாது."

கோப்பை கழுவிக்கொண்டு நிண்ட துஷாந்தினி எல்லாத்தையும் அப்பிடியே விட்டாள். ஓடிப்போய்ச் சாமித்தட்டில பாத்தாள். பெட்டியில ஆறு நாள் அறையும் வெறுமை. ஐயோ எண்டு நெஞ்சில கை வைச்சாள். பேந்து கழிவறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஃபார்மசிக்கு அடிச்சாள். மறுபக்கத்தில இருந்த பெடியன் கதையைக் கேட்டதும் குரல் மாறினான். "இப்பவே எமெர்ஜென்சிக்குக் கொண்டுபோங்கோ. மருந்து வயித்துக்குள்ள இருக்கேக்கயே பிடிக்கவேணும். ஆறு நாள் ஒழுங்காய்ச் சாப்பாடு காணாத வயசாளி, சிறுநீரகமும் களைச்சிருக்கும். எங்கயாவது இரத்தம் கசிஞ்சால் நிக்காது."

அவளுக்கு அந்த நேரம் மாமி சாகவேணும் எண்டு ஒரு துளி நினைப்பும் இல்லை. பிள்ளையார் அறிய இல்லை. பதறிக்கொண்டு வந்தவள், குசினி வாசலில நிண்டு மூச்சை அடக்கி, முகத்தைச் சும்மா வைச்சுக்கொண்டு சொன்னாள்.

"மாமி, குளிசை கூடுதலாய் எடுத்தால் ஆஸ்பத்திரிக்குப் போகவேணுமெண்டு சொல்லுறாங்கள். நான் தேவையில்லையெண்டு சொல்லிப்போட்டன். எனக்கும் வேலை கிடக்கு. நீங்கள் படுங்கோ."

"ஆரைக் கேட்டுச் சொன்னனீ?" மாமி கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினா. "நான் வீட்டுக்குள்ள கிடந்து சாக, நீ ரீவி பாக்கப்போறியோ? எடடி காரை!"

இப்பிடித்தான் மாமி எமெர்ஜென்சிக்கு வந்து சேர்ந்தா. வழி முழுக்க வசவு. ஆனால் வந்து சேர்ந்தா.

கதையைச் சொன்ன உடன உள்ளுக்க எடுத்திட்டினம். திரைச்சீலை போட்ட ஒரு மூலையில கட்டில். இரத்தம் எடுத்தினம், நெஞ்சில வயர் ஒட்டிச்சினம். இளம் டொக்டர் ஒருத்தர் வந்து துஷாந்தினியோட நிண்டநிலையில கதைச்சார். அவர் பின்னால செலீன் எண்ட நேர்ஸ், நல்ல உயரமான மனிசி, ஒரு பெரிய கப்பில ஸ்ட்ரோ போட்டுக் கொண்டந்து வைச்சா. உள்ளுக்க இருந்தது கன்னங்கரேலெண்ட கூழ்.

"இது மருந்துக்கெண்டு செய்யிற கரி" எண்டு டொக்டர் விளங்கப்படுத்தினார். "வயித்தில இன்னும் கரையாமல் கிடக்கிற குளிசையைத் தன்னோட ஒட்டிப் பிடிச்சு வெளியால கொண்டுபோயிடும். இரத்தத்தில ஏறினதை ஒண்டும் செய்யாது. அதாலதான் இப்ப குடிக்கவேணும், பிந்தினால் பிரியோசனமில்லை. இரத்தப்போக்கு வந்தால் மாத்து மருந்து இருக்கு. ஆனால் தலைக்குள்ள வந்திட்டால் அது எட்டிப் பிடிக்குமெண்டு நான் வாக்குத் தரமாட்டன். அவவுக்கு அறிவு தெளிவாய்த்தான் இருக்கு. வேண்டாமெண்டால் நாங்கள் வலுக்கட்டாயமாய்ப் பருக்கேலாது. அவவுக்கு விளங்கச் சொல்லுங்கோ."

முதலில ஆஸ்பத்திரி முறைப்படி போனில ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பிடிச்சுக் குடுத்தினம். "வணக்கம்மா, நல்லா இருக்கீங்களா?" எண்டு ஒரு சென்னைக் குரல் கேட்டுது. மாமி போனைக் காதிலயிருந்து எடுத்து, அதை ஒருக்காப் பாத்தா. "உது ஆரடி, படத்தில கதைக்கிறமாதிரி? இந்த வயசில நான் நல்லாயிருந்தால் உதுக்கென்ன? கட் பண்ணு. வீட்டாள் நீ நிக்கிறாய்தானே, நீயே சொல்லித் துலை."

மாமி காரிலயிருந்தே போன் அடிச்சிருந்தா, இதுக்குள்ள சிவநேசம் வந்திட்டுது. கையில கோயில் விபூதி, கண்ணில புதினம் பாக்கிற வெளிச்சம். கேக்க ஆள் கிடைச்சதும் மாமிக்கு எங்கயிருந்தோ ஒரு தெம்பு வந்தது. தலகணியை நிமித்திச் சாய்ஞ்சுகொண்டா.

கரி குடிக்கவேணுமெண்டதைத் துஷாந்தினி விதுர்சனுக்கு மெசேஜில போட்டிருந்தாள். அவளின்ர போன் அடிச்சுது. விதுர்சன். அவள் திரைக்கு வெளிய வந்து எடுத்தாள்.

"அம்மா அதைக் குடிச்சிட்டாவோ?"

"இல்லை, இப்பத்தான் கொண்டந்தவை."

"நான் ஹைவேயில நிக்கிறன், ஒரு வாகனம் அசையேல்லை. இஞ்சரும், நீர் குடியுங்கோ எண்டு மட்டும் கேட்டிடாதேயும், குடியாதேங்கோ எண்டு சொல்லும். உமக்குத் தெரியும்தானே?" கலியாணம் கட்டி இத்தினை காலத்தில அவன் அவளிட்ட எதையும் இப்பிடிக் கெஞ்சிக் கேட்டதில்லை. "உம்மைத்தான் நம்பியிருக்கிறன்."

"தெரியும். சொல்லுறன்" எண்டாள். மெய்யாய்த்தான் சொன்னாள். சொல்லவேண்டிய வசனத்தையும் மனசுக்குள்ள கட்டி வைச்சுக்கொண்டாள். மாமி, உதை நீங்கள் குடிக்கக்கூடாது, உங்களுக்கு உது ஒத்துவராது, டொக்டரிட்ட நான் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன். அவ்வளவு காணும். மனிசி கப்பைப் பறிச்சு ஒரே இழுவையில குடிச்சிடும். குடிச்சிட்டு அவளைப் பாத்து, எப்பிடி எண்டு பல்லைக் காட்டும். கறுத்தப் பல்லு. அதை நினைக்க அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

திரையை விலக்கிக்கொண்டு உள்ளுக்க காலை வைச்சாள். கப்பை எடுத்தாள். வாயைத் திறக்க முந்தி மாமி முந்திவிட்டா.

"பார் சிவநேசம், பாறணை நாளில எனக்குக் கரி. என்ர வாயில அரிசி போட அவசரம் உவளுக்கு. அரிசி அம்பிடேல்லையாக்கும், கரியைக் கரைச்சுக்கொண்டு வாறாள்."

"சும்மா இரணை ராணியக்கா" எண்டு சிவநேசம் சிரிச்சுக்கொண்டு சொல்லிச்சுது.

சிரிச்சது பிழை. சிரிச்சால் மாமி நிப்பாட்டமாட்டா.

"என்ன சும்மா இரு? உவளின்ர கை பட்டது எதடி உருப்பட்டது? ஏழு மாசம் சுமந்த பெட்டைக் குஞ்சையே வயித்துக்குள்ள வைச்சு விழுங்கினவள். பிள்ளை தின்னி. தன்ர பிள்ளையைத் திண்டவள் என்னை விடுவாளே?"

பக்கத்துக் கட்டிலில ஆரோ இருமிச்சினம். செலீனுக்குத் தமிழ் விளங்காது, ஆனால் துஷாந்தினியின்ர முகத்தைப் பாத்து, என்ன சொல்லுறா எண்டு கேட்டா.

மூண்டு வருசமாய் அந்த வீட்டில ஒருத்தரும் அந்தப் பிள்ளையைப் பற்றிக் கதைச்சதில்லை. பிள்ளை பறிபோன அண்டைக்கு நடந்தது இதுதான். மத்தியானம் உடுப்பில இரத்தம் கண்டவள் பயந்து, ஆஸ்பத்திரிக்குப் போவம் மாமி எண்டு கேட்டாள். "தலைப்பிள்ளைக்கு உப்பிடித்தான். நாங்களும் பெத்தனாங்கள்தான். தொட்டதுக்கெல்லாம் வெள்ளைக்காரனிட்ட ஓடாதை. மல்லித்தண்ணி அவிச்சுக் குடிச்சிட்டுப் படு" எண்டு மாமி சொன்னா. அவள் அவிச்சாள், குடிச்சாள், படுத்தாள். மாமி சொன்னதை ஒண்டும் விடாமல் கேட்டாள். நல்ல மருமகளெல்லோ! விதுர்சன் வேலையால வந்து பாத்துக் கத்தேக்க கட்டில் முழுக்க நனைஞ்சுபோயிருந்தது. இன்னும் கொஞ்சம் முந்தி வந்திருந்தால் எண்டு தொடங்கின டொக்டர், அவளின்ர முகத்தைப் பாத்திட்டு மிச்சத்தைச் சொல்லாமல் போனார். பிள்ளைக்குக் கண்ணிமை மயிரெல்லாம் முளைச்சிருந்தது.

அந்த மனிசிதான் இப்ப சொல்லுது, பிள்ளை தின்னி எண்டு.

துஷாந்தினிக்குக் கோவம் வரேல்லை. கோவமெண்டால் சூடாய் ஏறும். இது குளிர்ந்துகொண்டு இறங்கிச்சுது. அவள் மாமியை வெறுத்தாள், அதுவும் சந்தோசமாய் வெறுத்தாள். கட்டி வைச்ச வசனத்தை மனசுக்குள்ளயே அவிட்டுக் கொட்டினாள்.

கப்பை ரெண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கட்டிலடியில முழங்காலில இருந்தாள். ஒரு கையை எடுத்து மாமியின்ர காலைப் பிடிச்சாள்.

"குடியுங்கோ மாமி" எண்டாள். "உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். நீங்கள் எடுத்த குளிசை இரத்தத்தில ஏறிச்செண்டால் உயிருக்கே ஆபத்து எண்டு டொக்டர் சொல்லுறார். இந்தக் கரி அதைப் பிடிச்சுக்கொண்டு போயிடுமாம். இப்பவே குடிக்கவேணுமாம். என்னை எவ்வளவும் ஏசுங்கோ, ஆனால் எனக்காக இதைக் குடியுங்கோ."

டொக்டர் சொன்னதில ஒரு சொல்லை அவள் விடேல்லை, கூட்டவும் இல்லை. கண்ணீரும் வந்தது. அது நடிப்பில்லை, ஆனால் மாமிக்காக வந்த கண்ணீரும் இல்லை.

மாமி வாயை இறுக்கி மூடிக்கொண்டு, அவளை மேலயிருந்து கீழ பாத்தா. அப்பிடி ஒரு ஆனந்தம் அந்த முகத்தில. காலில விழுந்து கிடக்கிற மருமகள், பக்கத்தில சாட்சிக்குச் சிவநேசம். ஆறு நாள் விரதத்துக்குக் கந்தன் கைமேல பலன் தந்திட்டான்.

"உனக்காகவோ?" எண்டா. புறங்கையால கப்பில ஒரு தட்டு. கரி வெள்ளை விரிப்பிலயும் துஷாந்தினியின்ர சட்டையிலயும் கொட்டுப்பட்டுது.

"ஐயோ ராணியக்கா, பிள்ளை காலில விழுந்து அழுகுது, குடியணை" எண்டு சிவநேசம் பதறிச்சுது. இப்ப அது சிரிக்கேல்லை.

"அழட்டும். உவள் அழுதால் நான் கரி குடிக்கவேணுமோ?"

செலீன் இன்னொரு கப் கொண்டந்தா. துஷாந்தினி அதையும் வாங்கி, இன்னும் இரக்கமாய்க் கேட்டாள். மாமி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினா. டொக்டர் வந்து, அவவுக்கு விளங்கிச்சுதோ எண்டு கேட்டார். துஷாந்தினி அதையும் கேட்டாள். "நல்லாய் விளங்கிச்சுது. வேண்டாமெண்டு சொல்லு" எண்டா மாமி. அதையும் அப்பிடியே பிரெஞ்சில சொன்னாள். டொக்டர் பெருமூச்சு விட்டுத் தலையாட்டினார். செலீன் அவளின்ர தோளில கை வைச்சு, உன்னால ஏலுமானதை நீ செய்தாய், மனசைப் போட்டு அலட்டாதே எண்டு சொன்னா.

போக முந்தி செலீன் ஒரு விசயம் சொல்லச் சொன்னா. இரத்தம் இளகிக் கிடக்கிற நேரம், விழக்கூடாது. தனிய எழும்பவேண்டாம், மூத்திரத்துக்குப் போறதெண்டாலும் மணி அடிச்சு நேர்ஸைக் கூப்பிடச் சொல்லுங்கோ.

துஷாந்தினி குனிஞ்சு போர்வையைச் சரிசெய்து, பிள்ளைக்குச் சொல்லுறமாதிரிச் சொன்னாள். "மாமி, தனிய எழும்பிப் போயிடாதேங்கோ என்ன? தலை சுத்தும். மணி அடியுங்கோ. இல்லாட்டி நான் வரும்வரை பாத்திருங்கோ, நான் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போறன்."

"நீ பிடிச்சு நான் நடக்கிறதோ!" எண்டா மாமி.

துஷாந்தினி சட்டையில பட்ட கரியைக் கழுவ, நடையின்ர மற்ற அந்தத்தில இருந்த கழிவறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டு ஆறுதலாய்க் கழுவினாள். சிவநேசம் தேத்தண்ணி வாங்கக் கீழ போயிருந்தது. ஆறு நாள் பட்டினி கிடந்த கால். வயரைப் பிடுங்கிப்போட்டு இறங்கின மாமி, பக்கத்துக் கழிவறைக் கதவைத் தாண்டின உடன விழுந்திருக்கிறா. கை கழுவிற பேசினில தலை அடிபட்ட சத்தம் நடையில போன எல்லாருக்கும் கேட்டுதாம்.

காயமெண்டு பாத்தால் புருவத்துக்கு மேல ஒரு சின்ன வெடிப்பு. ஆனால் ஸ்கான் எடுத்து வந்த டொக்டர் இந்தமுறை நிண்டு கதைக்கேல்லை, ஒரு அறைக்குள்ள கூட்டிக்கொண்டுபோய் இருத்தினார். மாத்து மருந்து ஏத்தினவை. மண்டைக்குள்ள கசிஞ்ச இரத்தம் அதுக்குள்ள தன்ர வேலையை முடிச்சிருந்தது. விதுர்சன் வந்து சேரேக்க மாமிக்குப் பேச்சு மூச்சில்லை. "அம்மா, அம்மா" எண்டு அவன் கையைப் பிடிச்சுக் கத்தினதுக்கும் கண் திறக்கேல்லை. பிறகு கண் திறக்கவேயில்லை.

செத்தவீட்டில சிவநேசத்தின்ர வாய் ஓயேல்லை. வாற போற எல்லாருக்கும் அது சொல்லி அழுதுது. "பெத்த மகளும் செய்யமாட்டாள் பாருங்கோ. காலைப் பிடிச்சுக்கொண்டு, எனக்காகக் குடியுங்கோ மாமி எண்டு கதறினாள். என்ர ரெண்டு கண்ணாலயும் பாத்தனான். ராணியக்காவுக்குத்தான் விதி." பொம்பிளையள் ஒவ்வொருத்தராய் வந்து துஷாந்தினியைக் கட்டிப்பிடிச்சினம். மாமிக்குப் பயந்து அவளோட முகம் குடுத்துக் கதைக்காததுகளும் வந்து கட்டிப்பிடிச்சுதுகள்.

விதுர்சன் இதைத் தூரத்தில நிண்டு கேட்டான். எல்லாம் முடிஞ்சு வீட்டுக்கு வந்து, முன் அறை முழுக்க ஆக்கள் இருக்க, அவன் குசினிக்குள்ள வந்து கதவைச் சாத்தினான். துஷாந்தினி தேத்தண்ணிக்குக் கேத்தில் வைச்சுக்கொண்டு நிண்டாள்.

"நான் உம்மை என்ன சொல்லச் சொன்னனான்?" எண்டு மெல்லக் கேட்டான்.

"குடியாதேங்கோ எண்டு."

"நீர் என்ன சொன்னனீர்?"

"குடியுங்கோ எண்டு."

இந்த உலகத்தில அந்த ரெண்டு வசனத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரிஞ்ச ஆக்கள் ரெண்டே பேர்தான், ரெண்டு பேரும் அந்தக் குசினிக்குள்ளதான் நிண்டினம். வெளிய போய் அவன் என்னெண்டு சொல்லுறது? என்ர மனிசி அம்மாவின்ர காலில விழுந்து மருந்து குடியுங்கோ எண்டு கெஞ்சினாள், அதால அம்மா செத்துப்போனா எண்டு சொன்னால் விசரெண்டெல்லோ சொல்லுவினம்.

"ஏனப்பா?" எண்டான்.

துஷாந்தினி கேத்திலை இறக்கி வைச்சாள்.

"அண்டைக்கு அவ எனக்குச் சொன்னதை நான் கேட்டனான்" எண்டாள். "இண்டைக்கு நான் அவவுக்குச் சொன்னதை அவ கேக்கேல்லை. வேறென்ன நடந்தது?"

அவன் கதவைத் திறந்துகொண்டு முன் அறைக்குப் போனான். கிழவன் ஒருத்தர் அவனைப் பக்கத்தில இருத்தி, கையைப் பிடிச்சுக்கொண்டு, "தம்பி, இந்தக் காலத்தில இப்பிடியொரு மருமகள் ஆருக்குக் கிடைக்கும் சொல்லு பாப்பம்" எண்டார். விதுர்சன் ஓமெண்டு தலையாட்டினான்.